இடப்பக்கம் இல்லாத சட்டை

கத்தி அக்கா என்ற பெயர் அவருக்கு வாயால் வந்ததல்ல. வாயும் கூர்மைதான், அது வேறு. அவர் இஸ்திரி போட்ட கால்சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம் என்று சலவைக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. விடுதிகளின் சீருடைகளும் மருத்துவமனைகளின் வெள்ளை மேலங்கிகளும் அழுக்கு மூட்டையாக அந்தக் கூடத்துக்குள் போய், விறைத்துக்கொண்டு வெளியே வரும். அவற்றைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற எவருக்கும் அந்த நிமிர்வு இன்னொருத்தியின் முழங்கால் வலி என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் துடித்துக்கொண்டிருந்ததாகவும் தகவல் இல்லை.

கூடத்தில் வேலையைப் பங்கு போட்டிருந்தார்கள். கழுத்துப்பட்டையும் பொத்தான் பட்டியும் முதல் மேசையில் முடிந்துவிடும். அக்காவின் மேசைக்கு வரும் சட்டையைக் குப்புறப் படுத்த ஆளைப்போல விரித்து, முதுகையும் இரண்டு கைகளையும் தேய்க்க வேண்டும். கழுத்து எதிர்ப்பக்கம், கீழ்விளிம்பு வயிற்றருகே. தேய்த்ததும் அப்படியே அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும், அங்கே மடிப்பார்கள். சட்டையைத் திருப்பிப் போடக் கூடாது, நேரம் வீண் என்று மேனேஜர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். உட்காரக் கூடாது என்று எழுதவில்லை. கூடத்தில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது என்பதால் எழுத வேண்டிய சிரமம் அவருக்கு மிச்சம்.

ஒரு நாள் காலை, குளியலறையில் வாளியைத் தூக்கப் போன அக்கா அப்படியே சரிந்தார். மூளையின் வலப்பாதியில் ரத்தக்கட்டு. மருத்துவமனையில் மருந்து ஏற்றினார்கள். கோணிய வாய் நேரானது, சோர்ந்து கிடந்த இடக்கையும் இடக்காலும் மெல்ல அசைந்தன. நடக்கிறாரா? நடக்கிறார். பேசுகிறாரா? தேவைக்கு மேலேயே பேசுகிறார். கட்டில் அடுத்த நோயாளிக்கு வேண்டியிருந்தது. மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உலகத்தில் ஒரு பாதி அவருக்குத் தொலைந்து போயிருந்ததை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

கண் கெடவில்லை. கெட்டது கவனம். மூளையில் கவனத்தைத் திருப்புகிற இடம் அடிபட்டால், இடப்பக்கம் இருட்டாகிப் போவதில்லை. இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே மனதில் இல்லாமல் போகிறது. இப்போது உங்கள் தலைக்குப் பின்னால் இருட்டாகவா இருக்கிறது? அங்கே எதுவும் தெரியவில்லை, தெரியவில்லையே என்ற குறையும் உங்களுக்கு இல்லை. அக்காவுக்கு இடப்பக்கம் முழுக்க அப்படி ஆயிற்று. இது நோய். இதற்குப் பெயர் உண்டு, சோதனை உண்டு, பயிற்சி உண்டு. ஆனால் நம் மனிதர்களைப் பொறுத்தவரை நோய் என்றால் இருமல் வர வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் வர வேண்டும். இரண்டும் வராவிட்டால் அது திமிர். திமிர் என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது செய்வினை.

செய்வினைக் கட்சிக்கு அக்காவின் நாத்தனார் தலைமை தாங்கினார். தலைமுடியை வலப்பக்கம் மட்டும் படிய வாரி, இடப்பக்கம் பறவைக்கூடாக விட்டுக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ ஒருவரிடம் போய் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினார். கட்டியது இடது மணிக்கட்டில். அக்காவுக்கோ அந்தக் கையே கணக்கில் இல்லை. கயிறு கட்டிய விஷயம் கடைசிவரை அவருக்குத் தெரியாது. மந்திரத்தின் சக்தியைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்ல?

அக்கா படுத்திருந்த நாட்களில் சலவைக்கூடத்தில் ஒரு தகராறு முளைத்திருந்தது. பெண்கள் ஸ்டூல் கேட்டார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டாம், சட்டை வராத இடைவெளியில் கொஞ்சம் உட்கார இடம் கொடுங்கள், அவ்வளவுதான். மேனேஜர் சுழல்நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உக்காந்தா தூக்கம் வரும்" என்றார். தன் அனுபவத்தைச் சொன்னார் போல. சங்கத்துத் தலைவர் வாசலில் கூட்டம் போட்டு, "நிக்க வெச்சா பாதி வேலைதான் வரும்!" என்று முழங்கினார். அந்த மனிதர் வாழ்நாளில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவர் இல்லை. குரலுக்குத் தொண்டை மட்டும் போதுமே.

இதெல்லாம் நடந்தது அக்காவுக்குத் தெரியாது. அவர் வேலைக்குத் திரும்பினார். முதல் சட்டையை விரித்து வலப்பாதியைக் கண்ணாடியாகத் தேய்த்தார். முதுகின் நடுத்தையல் வரை வந்தார். அவருக்குச் சட்டை அங்கே முடிந்துவிட்டது. அடுத்த மேசைக்குத் தள்ளினார். மடிக்கிற பெண் பாதி கசங்கிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், மெல்லச் சிரித்தாள். மடித்துக் கட்டிவிட்டாள்.

மறுநாள் ஒரு விடுதியிலிருந்து மூட்டை திரும்பி வந்தது. அவர்களுடைய பரிமாறுகிற ஆட்கள் முதுகின் ஒரு பாதி சபைக்கும் மறுபாதி குப்பைக்கும் போகிற கோலத்தில் நின்றார்களாம். மேனேஜர் சட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அக்காவின் மேசைக்கு வந்தார். அவர் கெட்ட நேரம், இடப்பக்கம் வந்து நின்றார்.

"ஏம்மா, இது என்னம்மா? பாதியோட நிறுத்தியிருக்கே?"

அக்கா திரும்பவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னைத்தாம்மா! காது கேக்கல?"

குரல் கேட்டது. எங்கிருந்தோ வருகிறது என்று அக்கா வலப்பக்கம் திரும்பி, அங்கே நின்ற பெண்ணிடம், "யாருடி அது, கத்திக்கிட்டே இருக்கான்?" என்றார்.

 யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். மேனேஜருக்கு முகம் கன்றிப்போனது. எத்தனையோ ஆண்டுகளாக அவரிடம் எல்லாரும் பேச நினைத்த விதத்தில் ஒருத்தி பேசிவிட்டாள். அது மூளைக்காயம் என்று யாருக்குத் தோன்றும்?

அன்றிலிருந்து அக்கா வீராங்கனை. தலைவர் சுவரொட்டி அடித்தார்: பாதி தேய்த்து, பாதி கசங்கிய சட்டை. மற்றப் பெண்களும் சட்டைகளைப் பாதியோடு நிறுத்தத் தொடங்கினார்கள். அக்கா ஒருத்திதான் அந்தக் கூடத்தில் மாய்ந்து மாய்ந்து முழு வேலை செய்வதாக நம்பிக்கொண்டிருந்தார்.

"நான் முழுசாத்தானே போட்டேன்?" என்று எல்லாரிடமும் கேட்டார்.

"ஆமாக்கா, முழுசாத்தான் போட்டீங்க!" என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவருக்கு அது எரிந்தது. அந்த வேலையைத் தவிர அவர் பெருமைப்பட்டுக்கொள்ள வாழ்க்கை வேறெதையும் கொடுத்ததில்லை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு மகளை வளர்த்தது அந்த மேசை. தான் தள்ளிய சட்டையை வேண்டுமென்றே யாரோ கசக்கித் தன்மேல் பழி போடுகிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மகளிடம் புலம்பினார். "அரைகுறை வேலைக்காரின்னு என்னை, என்னைச் சொல்றாங்கடி."

மகள் செல்போன் கடையில் வேலை செய்கிறவள். அம்மாவின் வாய் அவளுக்கும் உண்டு, பொறுமை இருவருக்கும் இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா தட்டில் சோற்றைத் தின்றுவிட்டு, "காய் இல்லையா? முட்டை வாங்கினியே, எங்க? பெத்தவளுக்குப் போட மனசு வரலையா?" என்று ஆரம்பித்தார். காயும் முட்டையும் தட்டின் இடப்பக்கத்தில் தொடாமல் கிடந்தன. இந்தச் சண்டை தினமும் நடந்துகொண்டிருந்தது. தலைவரிடம்கூட இதை ஒருநாள் சொல்லியிருந்தாள். அவர் தொடையைத் தட்டி, "வீட்டுலயும் பாதிப் போராட்டமா? சபாஷ்!" என்றிருந்தார்.

மகளுக்கு ஆத்திரம். "கண்ணு எங்கம்மா இருக்கு? இதோ இருக்கில்ல!" என்று தட்டைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். தட்டு அரைவட்டம் சுழன்று நின்றது.

அம்மா முட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?"

கேலி இல்லை அந்தக் குரலில்.  மகள் மெதுவாக எழுந்து அம்மாவின் இடப்பக்கம் போய் நின்று, "அம்மா" என்றாள். அம்மா வலப்பக்கக் கதவைப் பார்த்து, "அங்க ஏன்டி நிக்கிறே, உள்ள வா" என்றார்.

மறுநாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தலைவரிடம் ஓடினாள். நடந்ததைச் சொன்னாள். அம்மாவை மறுபடி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், அதுவரை அவர் பெயரைக் கூட்டத்தில் இழுக்காதீர்கள் என்றாள்.

தலைவர் கதவைச் சாத்தினார். "இதை வெளியில சொல்லிடாதே தங்கச்சி. மேனேஜர் உங்கம்மா மேல விசாரணை வெச்சிருக்கான். அது முடியட்டும். இப்பப் போய் நோயாளின்னு சொன்னா போராட்டம் சிரிப்பாயிடும்."

"போராட்டம் சிரிப்பானா பரவாயில்லை. எங்கம்மா?"

"அவங்க ஒரு அடையாளம்மா."

"அடையாளத்துக்கு முட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்து அவள் போய்ப் பார்த்த மேனேஜர் இன்னும் நேர்மையான அயோக்கியர். அவர் ஒளிக்கவில்லை. கம்பெனி டாக்டரை வைத்துச் சோதித்தாயிற்று என்றார். அந்த டாக்டர் அக்காவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து விரலைக் காட்டினார், டார்ச் அடித்தார், கையைப் பிடித்துப் பார்த்தார், எல்லாம் சரி என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மூளையில் அடிபட்டவளை ஒரு முறை பக்கவாட்டில் நின்று கூப்பிட்டுப் பார்க்கத் தோன்றாத படிப்பு.

"டாக்டர் நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டாரு. அப்ப வேணும்னே பண்ணியிருக்காங்க. அது ஒழுங்கீனம், வீட்டுக்கு அனுப்பலாம். நீ சொல்ற மாதிரி நோய்னு வெச்சுக்கோ, வேலைக்கு லாயக்கில்லைன்னு வீட்டுக்கு அனுப்பலாம். எது வேணும்னு நீயே சொல்லும்மா."

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். இங்கே இரண்டு நரிகள். ஒன்று இடம் போனது, ஒன்று வலம் போனது, இரண்டும் அக்காவின் மேல்தான் விழுந்தன. ஒருவருக்கு அவர் குற்றவாளியாக வேண்டும், மற்றவருக்குத் தியாகியாக வேண்டும். நோயாளியாக அவர் யாருக்கும் தேவைப்படவில்லை.

விசாரணை மாடி அறையில் நடந்தது. விசாரிக்க வந்தவர் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர். கம்பெனி கொடுத்த பிஸ்கட்டை முதலில் விசாரித்து முடித்தார். நீண்ட மேசையின் ஒரு பக்கம் அக்கா. அவருக்கு இடப்பக்கம் மேனேஜர், வலப்பக்கம் தலைவர். துணைக்கு வந்த மகள் சுவரோரம். மேசைமேல் சாட்சியாக ஒரு பாதிச் சட்டை.

"இந்தச் சட்டையைத் தேய்ச்சது நீதானே?" என்று மேனேஜர் இடப்பக்கத்திலிருந்து கேட்டார்.

அக்கா வலப்பக்கம் திரும்பித் தலைவரைப் பார்த்து, "நான்தாங்க" என்றார்.

"என்னைப் பார்த்துப் பேசு."

"உங்களைப் பார்த்துத்தானே பேசறேன்," என்றார் அக்கா, தலைவரிடம்.

தலைவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மேனேஜர் மேசையைத் தட்டினார். "பாருங்க சார், உங்க முன்னாடியே எவ்வளவு திமிரு! எழுதுங்க!"

வக்கீல் எழுதப் பேனாவைத் திறந்தார். அப்போது மகள் எழுந்து வந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அம்மாவின் நாற்காலியின் முதுகைப் பிடித்து, அவரோடு சேர்த்துத் தரையில் கிறீச்சிட இழுத்துத் திருப்பிப் போட்டாள். மேசைக்கு முதுகு, சுவருக்கு முகம். இடப்பக்கம் இருந்தவர் இப்போது வலப்பக்கம்.

அக்கா மேனேஜரைப் பார்த்துத் திடுக்கிட்டு எழப்போனார். "சார்! நீங்க எப்ப வந்தீங்க?"

 தலைவர்தான் முதலில் சுதாரித்து, "அக்கா, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார். அக்கா மேனேஜரைப் பார்த்து, "பயமெல்லாம் இல்லீங்க" என்றார். தலைவரின் சிரிப்பு மீசைக்குள்ளேயே செத்துப்போனது. ஒரு கணத்துக்கு முன்புவரை இருந்த மனிதர், ஒரு நாற்காலி திரும்பியதில் உலகத்திலிருந்தே நீக்கப்பட்டுவிட்டார்.

மகள் நாற்காலியைப் பழையபடி மேசைக்குத் திருப்பினாள். சாட்சிச் சட்டையை எடுத்துக் கழுத்து அம்மாவின் பக்கமும் விளிம்பு எதிரேயும் வரும்படி தலைகீழாக விரித்தாள். கசங்கிய பாதி வலப்பக்கம் வந்தது.

"இதைப் பாரும்மா."

அக்கா குனிந்து பார்த்தார். விரலால் துணியை நீவினார். முகம் சுளித்தது. "சே! யாருடி இதைப் போட்டது? பெட்டியே படலையே இதுல. இதைப் போய் வெளிய அனுப்புவாங்களா? வெட்கமா இல்லை?"

 அதைச் சொல்லத்தான் மகள் தைரியம் சேர்த்து வந்தாள், இப்போது வாய் வரவில்லை.

வக்கீல்தான் சொன்னார், பிஸ்கட் துகளைத் துடைத்துக்கொண்டே. "அம்மா, அது நீங்க போட்டது."

"நானா?"

மகள் சட்டையை மறுபடி நேராகத் திருப்பினாள். அக்காவுக்கு முன்னால் பளபளவென்று ஒரு முழுச் சட்டை. மறுபடி தலைகீழாக்கினாள். கந்தல். நேராக்கினாள். அக்கா தன் வலக்கையைத் துணியின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். வழவழப்பு முடிந்து சுருக்கம் விரலில் தட்டியது. கை இன்னும் போனது. இன்னும் துணி இருந்தது. கண்ணைத் திறந்தார். தன் கை எங்கே போயிற்று என்று தேடினார்.

"அப்ப அவங்க யாரும் கசக்கலையா," என்றார் மெதுவாக.  பிறகு, "பெட்டியைக் கொண்டாங்க" என்றார்.

கீழேயிருந்து பெட்டி வந்தது. மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டு, சட்டையைத் தலைகீழாக விரித்து, மீதிப் பாதியைத் தேய்த்தார். அக்கா தேய்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மேனேஜருக்கு வழி கிடைத்துவிட்டது. "பார்த்தீங்களா சார், மூளை கெட்டுப்போச்சு. வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுங்க."

"கண் முன்னாடிதானே தேய்ச்சாங்க?" என்றாள் மகள். "ஒரு தடவை திருப்பிப் போட்டா முழுசா வருது. திருப்பக் கூடாதுன்னு எழுதி ஒட்டினது நீங்க. மூளை யாருக்கு இல்லைன்னு வக்கீல் சாரையே எழுதச் சொல்லுங்க."

வக்கீலுக்கு நீதியின்மேல் தனிப்பட்ட பாசம் எதுவும் இல்லை. ஆனால் ஒழுங்கீனம் என்று விசாரிக்க வந்த இடத்தில் நோயைக் கண்டுவிட்டு ஒழுங்கீனம் என்று எழுதினால் பின்னால் தனக்கு வம்பு என்ற அளவுக்குச் சட்டம் தெரியும். ஒழுங்கீனம் இல்லை, சிகிச்சைக்கு விடுப்பு, திரும்பி வந்ததும் வேலையைப் பார்த்து முடிவு என்று எழுதிவிட்டுக் காரில் ஏறினார். தலைவர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். அன்று மாலை சுவரொட்டிகள் கிழிக்கப்பட்டன. கிழித்தவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை.

ஆனால் மற்றப் பெண்கள் நிறுத்தவில்லை. அக்காவுக்கு நோய் என்று தெரிந்த பிறகும் பாதிச் சட்டைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய மூளையில் ரத்தக்கட்டு எதுவும் இல்லை, முழங்கால் வலிதான் இருந்தது. விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேறு சலவைக்கூடம் தேடத் தொடங்கியதும் ஸ்டூல்கள் வந்து இறங்கின. வெற்றிக் கூட்டத்தில் தலைவர் நெடுநேரம் பேசினார். அக்காவின் பெயரைச் சொல்லவில்லை.

அக்கா மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். இந்த முறை மகள் மருத்துவமனையின் அவசரத்துக்கெல்லாம் அசையவில்லை. பயிற்சி கொடுத்த பெண் அதிகம் பேசாதவள். காகிதத்தில் ஒரு கோடு போட்டு நடுவில் குறியிடச் சொன்னாள். அக்கா வலது ஓரத்துக்குப் பக்கத்தில் குறியிட்டார். அந்தப் பெண் கோட்டின் இடது நுனியில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி, "இது தெரியற வரைக்கும் தலையைத் திருப்புங்க. தெரிஞ்ச அப்புறம்தான் வேலை" என்றாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். நாடாவைத் தட்டில் ஒட்டினார், கதவு நிலையில் ஒட்டினார், கண்ணாடியில் ஒட்டினார். எல்லா நாளும் பலிக்கவில்லை. இடத்தோள் கதவில் இடித்துக்கொண்டேதான் இருந்தது, இடது செருப்பை விட்டுவிட்டுப் படியிறங்குவதும் நிற்கவில்லை. ஆனால் சட்டை முழுதாக வந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று மேசையின் இடவிளிம்பு நெடுக ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினார். தலையைத் திருப்பி நாடாவைப் பிடித்தார், அங்கிருந்து பெட்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

மேனேஜர் பார்த்துவிட்டார். சிவப்பு என்றால் அவருக்குப் படை திரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். நேரே மேசைக்கு வந்தார், பழையபடி இடப்பக்கம். அந்த மனிதர் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

"இங்க கொடி கட்டக் கூடாதுன்னு தெரியாதா? அவிழு."

அக்கா தலையை மெல்லத் திருப்பினார். நாடா வந்தது. இன்னும் திருப்பினார். நாடாவுக்கு அப்பால் ஒரு பெல்ட், ஒரு தொப்பை, கடைசியாக மேனேஜர்.

"கொடி இல்லை சார். சட்டை இதுவரைக்கும் இருக்குன்னு எனக்கு ஞாபகப்படுத்தறது."

"என்னமோ ஒண்ணு. அவிழ்த்துடு."

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவிழ்த்துடறேன். பாதிச் சட்டைதான் வரும். முன்னாடி தெரியாம பண்ணேன், இப்பத் தெரிஞ்சே சொல்றேன்."

சுற்றியிருந்த மேசைகளில் பெட்டிகள் நின்றன. ஸ்டூலில் இருந்தவர்கள் ஸ்டூலிலிருந்தே பார்த்தார்கள். மேனேஜர் நாடாவைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"நிறத்தையாவது மாத்தும்மா," என்றார், குரல் இறங்கி.

அக்கா சட்டைப் பக்கம் திரும்பினார். திரும்பிய அந்தக் கணமே மேனேஜர் இல்லாமல் போய்விட்டார். அங்கேயே நிற்கிறாரா, போய்விட்டாரா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வலப்பக்கத்து மேசைப் பெண்ணிடம் கேட்டார்.

"போயிட்டானா?"

"இல்லக்கா. இங்கதான் நிக்கிறாரு."

"நிக்கட்டும். நமக்குத்தான் ஸ்டூல் இருக்கே. அடுத்த சட்டையைத் தள்ளு."